சவரக்கத்தியின் ஒவ்வொரு பாகமும் எதற்கு? முதுகிலிருந்து வால்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மடித்து வைக்கும் பழைய சவரக்கத்தி ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலானோர் முதலில் சோதிப்பது அதன் கூர்மையை. முழங்கை முடியை மழித்துப் பார்ப்பார்கள், கட்டைவிரலை வைத்துத் தடவுவார்கள். கூர்மையைப் பற்றி இவ்வளவு சீக்கிரம் கவலைப்பட வேண்டியதில்லை. மழுங்கிய வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, ஒரு மாலைப்பொழுதில் தீட்டிவிடலாம். முதுகு கோணியிருந்தால், அலகின் பக்கங்களில் உள்ள குடைவு சீரற்று இருந்தால், தோள் தேய்ந்து போயிருந்தால் எந்தக் கல்லாலும் அதை எளிதில் மீட்க முடியாது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும், ஜெர்மனியின் சோலிங்கனிலும், பிரான்சின் தியேர் நகரிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்து செய்து இந்தக் கத்தியின் உருவம் படிந்திருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு வளைவும் மூன்று இடங்களில் ஒன்றுக்காக இருக்கிறது: கல்லின்மேல், தீட்டிய வாயைச் சீராக்கும் தோல்வாரின்மேல், முகத்தின்மேல். நான்காவதாகக் கண்ணுக்காகச் செய்தவையும் உண்டு. அவற்றையும் மதிக்கிறேன், ஆனால் கடைசியில்தான் பார்ப்பேன்.

கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள். ஒரு வெர்னியர் அளவுகோல், ஒரு உருப்பெருக்கி, ஒரு மார்க்கர் பேனா, தட்டையான தீட்டுக்கல் இருந்தால் போதும்.

படி 1: திறந்து பிடித்துப் பாருங்கள்

மூடிய கத்தியில், பிடியோடு அலகை இணைக்கும் ஆணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பகுதிதான் வால். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் மறுபக்கம் அலகு பிடியிலிருந்து எழும். அலகை நுனியில் பிடித்து இழுக்கும் பழக்கம் வேண்டாம்.

திறந்ததும் பிடியை மேலே நன்றாகத் திருப்பிவிடுங்கள். சவரம் செய்யும்போது நம் விரல்கள் பிடியைப் பிடிப்பதில்லை, அலகுக்கும் ஆணிக்கும் இடையே உள்ள கழுத்தைத்தான் பிடிக்கின்றன. சுட்டுவிரலும் நடுவிரலும் கழுத்தின் மேல், கட்டைவிரல் கழுத்தின் அடியில், சுண்டுவிரல் வாலின் குழிவில். பிடி, மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே மேல்நோக்கி நிற்கும். இப்படிப் பிடித்துப் பார்த்தால்தான் இனி சொல்லப்போகும் பாதி விஷயங்கள் புரியும். பூட்டு இல்லையே, மடங்கி விடாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது: கை ஆணிக்கு இருபுறமும் கத்தியைப் பிடித்திருக்கிறது, ஆகவே மடங்க வழியில்லை.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். வெட்டும் விளிம்பு வாய். அதற்கு எதிரே தடித்த பகுதி முதுகு. அலகின் நுனி மூக்கு. வாய் கழுத்தின் பக்கம் முடியும் மூலை குதி. அலகும் கழுத்தும் சேரும் இடம் தோள்.

படி 2: முதுகையும் அகலத்தையும் அளந்து பாருங்கள்

இந்தக் கத்தியின் முழு அறிவும் இங்கேதான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதை நம் மணிக்கட்டு முடிவு செய்கிறது. கை நடுங்கினால் சாய்வு மாறும். சவரக்கத்தியில் அந்தப் பொறுப்பை நம்மிடம் விடவில்லை. அதைக் கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடும். முதுகு எவ்வளவு தடிப்போ, அலகு எவ்வளவு அகலமோ, அந்த இரண்டும் சேர்ந்து வாயின் கோணத்தை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. தன்னைத் தீட்டுவதற்கான அளவுகோலைத் தன் உடம்பிலேயே சுமக்கும் கருவி இது.

அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்வது வழக்கம். 4/8 என்றால் சுமார் 13 மில்லிமீட்டர், 5/8 என்றால் 16, 6/8 என்றால் 19. பரவலாகக் கிடைப்பவை 5/8, 6/8. இப்போது உங்கள் கத்தியின் அகலத்தை முதுகின் தடிப்பால் வகுத்துப் பாருங்கள். 16 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் முதுகும் இருந்தால் விடை மூன்றரைக்குச் சற்று மேல், வாயின் மொத்தக் கோணம் சுமார் 16 டிகிரி. விடை 4 வந்தால் கோணம் 14 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். வாய் மிக மெல்லியதாகிச் சீக்கிரம் உதிரும். விடை 3 என்றால் 19 டிகிரி. வாய் உறுதியாக நிற்கும், ஆனால் முடியை இழுப்பதுபோல் தோன்றலாம். அளக்கும்போது வெர்னியரை முதுகின் உச்சியில் வைக்காமல், முதுகு கல்லைத் தொடும் இடத்தில் வையுங்கள். தீட்டித் தீட்டி அங்கே ஒரு தட்டையான பட்டை விழுந்திருக்கும், கண்ணுக்கே தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தேய்மானத்தையும் கணக்கில் எடுத்திருப்பதுதான். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாய் தேய்ந்து அலகின் அகலம் குறைகிறது. முதுகு மட்டும் தேயாமல் இருந்தால் கோணம் கூடிக்கொண்டே போகும்: அதே கத்தி 14 மில்லிமீட்டராகக் குறைந்து முதுகு 4.5 ஆகவே நின்றால் கோணம் பதினெட்டரை டிகிரியாகிவிடும். ஆனால் முதுகும் கல்லில் உரசுகிறது, அதுவும் கொஞ்சம் மெலிகிறது. 14 மில்லிமீட்டர் அலகுக்கு முதுகு 4 மில்லிமீட்டர் ஆகியிருந்தால் கோணம் பழையபடி 16 டிகிரியிலேயே நிற்கும். தாத்தா காலத்துக் கத்தி பேரன் கையில் பாதி அகலமாகிவிட்டாலும் சவரம் செய்யும் என்றால் காரணம் இதுதான்.

முதுகில் மின்சார டேப் ஒட்டித் தீட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. முதுகின் அலங்கார வேலைப்பாடு தேயக்கூடாது என்பதற்காகவோ, மிக மெலிந்த முதுகுக்குக் கோணத்தை மீட்கவோ ஒட்டினால் சரி. ஒரு சுற்று டேப் கோணத்தை ஏறக்குறைய 1 டிகிரி கூட்டும். காரணமே இல்லாமல் பழக்கமாக ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். முதுகு தேயத்தான் செய்ய வேண்டும், அது அதன் வேலை.

இப்போது மார்க்கர் சோதனை. வாயின் சரிவிலும் முதுகின் பட்டையிலும் மை பூசுங்கள். கல்லில் தண்ணீர் தெளித்து, அழுத்தமே இல்லாமல் ஒரு முறை இழுங்கள். மை முழு நீளத்துக்கும் சீராக அழிந்தால் கத்தி நேராக இருக்கிறது. ஒரு பக்கம் மூக்கருகே மட்டும், மறுபக்கம் குதியருகே மட்டும் அழிந்தால் அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பணம் கொடுத்து வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்ய முடியாவிட்டால், முதுகுப் பட்டையின் அகலம் இருபக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றாவது பாருங்கள். ஒரு முனையில் பட்டை விரிந்திருந்தால் யாரோ அங்கே ஓங்கி அழுத்தித் தீட்டியிருக்கிறார்கள்.

முகத்திலும் முதுகு ஓர் அளவுகோல். தோலுக்கும் அலகுக்கும் இடையே 30 டிகிரி சாய்வு வேண்டும் என்பார்கள். முகத்தில் யார் டிகிரி அளப்பது? 5/8 கத்தியில் முதுகு தோலிலிருந்து சுமார் 8 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் அதுதான் 30 டிகிரி. அதாவது முதுகின் தடிப்பைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடியில் பார்த்தே சரிசெய்து கொள்ளலாம்.

தோல்வாரிலும் இதே கதைதான். அலகைப் படுக்க வைத்து முதுகு முன்னே போக இழுத்து, முனையில் முதுகின்மேலேயே புரட்ட வேண்டும். வாயின்மேல் புரட்டினால் தோல் கிழியும், வாயும் மடங்கும்.

நம் ஊர் சலூன்களில் பாதி பிளேடு மாட்டும் கத்தியைக் கவனித்திருப்பீர்கள். கழுத்து, வால், மடக்கும் பிடி எல்லாம் பழைய உருவத்திலேயே இருக்கும். முதுகு மட்டும் வேலை இழந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பிளேடை யாரும் தீட்டப்போவதில்லை. ஒருவருக்குப் போட்ட பிளேடு இன்னொருவருக்குப் போகக்கூடாது என்ற சுகாதாரக் காரணத்துக்காகச் சலூனுக்கு அதுவே சரி. வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் கத்திக்குத்தான் இந்தக் கட்டுரை.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அகலமான அலகு சோப்பு நுரையை நிறையத் தாங்கும், எடையால் தானே இறங்கும், பல ஆண்டு தேய்மானத்தையும் தாங்கும். குறுகிய அலகு மூக்கின் அடியில் சுலபமாக நுழையும். புதிதாகத் தொடங்குபவருக்கு 5/8 அல்லது 6/8 நல்லது.

படி 3: அலகின் குறுக்குவெட்டைப் பாருங்கள்

கத்தியின் மூக்கை உங்களை நோக்கித் திருப்பி, அலகின் பக்கங்களை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கங்கள் முதுகிலிருந்து வாய்வரை ஏறக்குறைய நேராக இறங்கினால் அது ஆப்பு வடிவம். உள்நோக்கி வளைந்திருந்தால் குடைவு. குடைவின் ஆழத்தைப் பொறுத்துக் கால்குடைவு, அரைக்குடைவு, முழுக்குடைவு என்று பிரிப்பார்கள். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ஆப்பும் ஆப்பை ஒட்டிய வடிவங்களும் அதிகம். சோலிங்கன் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முழுக்குடைவில் பேர் வாங்கியது.

குடைவதற்கு முதல் காரணம் தீட்டும் வேலையைக் குறைப்பது. ஆப்பு வடிவ அலகைக் கல்லில் படுக்க வைத்தால் பக்கத்தின் பெரும்பகுதி கல்லை ஒட்டி வருகிறது. வாய்ச்சரிவு தேயத் தேய அகலமாகிக்கொண்டே போகும், தீட்டும் நேரமும் கூடும். நடுவில் இருக்கும் இரும்பைக் குடைந்து எடுத்துவிட்டால் கல்லைத் தொடுவது இரண்டே கோடுகள்தான்: முதுகில் ஒன்று, வாயில் ஒன்று. நன்றாகக் குடைந்த கத்தியில் வாயின் சரிவு எத்தனை ஆண்டு தேய்ந்தாலும் மெல்லிய கோடாகவே இருக்கும்.

கோணம் மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். முதுகும் அகலமும் ஒன்றானால் ஆப்புக்கும் முழுக்குடைவுக்கும் வாய்க்கோணம் ஒன்றே. மாறுவது வாய்க்குப் பின்னால் இருக்கும் உடம்பு. முழுக்குடைவில் அந்த உடம்பு மிக மெல்லியது. முடியைச் சந்திக்கும்போது அலகு லேசாக வளைந்து அதிர்கிறது, சரசரவென்று ஒலிக்கிறது. அதனால்தான் அதைப் பாடும் கத்தி என்கிறார்கள். இந்த ஒலி வெறும் இன்பம் மட்டுமல்ல. சாய்வு சரியாக இருந்தால் ஒலி தெளிவாக வரும், சாய்வு கூடினாலோ வாய் மழுங்கினாலோ ஒலியும் மாறும். பழகிய காதுக்கு அது பெரிய வழிகாட்டி. ஆப்பு வடிவம் ஒலிக்காது. அடர்ந்த, முரட்டுத் தாடியில் வளையாமல், அசையாமல் போவதுதான் அதன் பலம். நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அரைக்குடைவைச் சொல்வேன்: ஒலி கொஞ்சம் குறைவு, ஆனால் கை தவறி அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும்.

முழுக்குடைவில் வேறொன்றும் கவனிக்கலாம். மிக மெல்லிய அலகில், வாய்க்கும் முதுகுக்கும் இடையே நீளவாக்கில் ஒரு மெல்லிய மேடு சில கத்திகளில் ஓடும். அதற்கு மேல் ஒரு குடைவு, கீழே ஒரு குடைவு. அலகு துவளாமல் இருக்க விட்டுவைத்த விலா எலும்பு அது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்த மேட்டில் பளபளப்பு உடையும்.

இந்தக் குடைவுக்கு ஈடுகொடுக்க எஃகு நன்றாக இருக்க வேண்டும், உள்ளே கசடு இருக்கக்கூடாது. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி ஷெஃபீல்டு அருகே எஃகை மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) முழுமையாக உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். பழைய கத்திகளின் கழுத்தில் வார்ப்பு எஃகு என்று பொறித்திருப்பது இதைத்தான் குறிக்கிறது. மூசையில் எஃகு உருக்குவது தென்னிந்தியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்த கலை; கொடுமணல் அகழாய்வில் அதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகின் மாதிரிகள் லண்டன் போய், ஜார்ஜ் பியர்சன் 1795-இல் அங்குள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி வாசித்தார். அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் கத்தி அடித்துப் பார்த்து மயங்கிப் போனார். பிறகு விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அவர் எஃகுக் கலவைகளை ஆராய்ந்ததும் அந்த எஃகின் இரகசியத்தைத் தேடித்தான். வெள்ளி கலந்த எஃகு அந்த ஆய்வில் வந்தது. அப்புறம் ஷெஃபீல்டுக் கத்திகளில் வெள்ளி எஃகு என்ற முத்திரை பெருகியது. அது பெரும்பாலும் விற்பனைப் பெயர்தான், அதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் பின்னர் இங்கிலாந்து போய், வார்ப்பு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் எஃகின் விலை குறைய அது முக்கியக் காரணம். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் சொன்னேன்.

குடைபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோலிங்கனில் வுப்பர் ஆற்றின் கரையில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் சாணைக் கூடங்கள் இருந்தன, சில இன்றும் நிற்கின்றன. ஷெஃபீல்டில் சாணை பிடித்தவர்கள் கல் தூசியை மூச்சில் வாங்கி நுரையீரல் நோயால் இளம் வயதிலேயே இறந்தார்கள். இருபக்கமும் ஒரே ஆழத்தில், வாய்வரை சீராகக் குடைந்த ஒரு பழைய அலகைப் பார்க்கும்போது, அது வெறும் கண்ணையும் கையையும் நம்பிச் செய்தது என்பதை நினைவில் வையுங்கள். பாலிஷ் சக்கரத்தில் ஓட்டிப் பளபளப்பாக்குகிறேன் என்று அந்தக் கோடுகளை மழுக்காதீர்கள். சக்கரத்தில் சூடேறினால் எஃகின் பதமும் போய்விடும்.

படி 4: வாயின் கோட்டைப் பாருங்கள்

தட்டையான கண்ணாடித் துண்டில் வாயை மெதுவாக நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பாருங்கள். முழுநீளமும் தொட்டால் நேர்வாய். நடுவில் மட்டும் தொட்டு இருமுனையும் லேசாக எழுந்தால் சிரிக்கும் வாய். ஷெஃபீல்டின் பழைய கத்திகள் பலவற்றில் இதை வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார்கள். இழுக்கும்போது வளைந்த வாய் முடியைச் சீவுவதுபோல் வெட்டுகிறது, தாடையின் குழிவுகளிலும் எளிதாகப் போகிறது. அப்படிப்பட்ட கத்தியை நேராக்க முயலாதீர்கள். கல்லில் குதியிலிருந்து மூக்குவரை உருட்டுவதுபோல் தீட்டினால் போதும்.

நடுவில் இடைவெளி விட்டு இருமுனைகளும் தொட்டால் அது கெட்டது. எந்தப் பட்டறையும் அப்படிச் செய்வதில்லை. நடுக்குழிந்த கல்லில் தீட்டியோ, குதி தோளில் இடித்துக்கொண்டு நடுப்பகுதி மட்டும் தேய்ந்தோ வந்தது. சரிசெய்ய நிறைய எஃகைத் தேய்க்க வேண்டும்.

படி 5: மூக்கு

சதுர மூக்கின் முனை ஊசிபோல் கூர்மை. கிருதாவின் கீழ்க்கோடு, மீசையின் விளிம்பு, மூக்குக்கு அடியில் ஒற்றை முடி என்று துல்லியமான இடங்களுக்கு அது. பழகாதவர் கன்னத்தில் அதே முனை கீறிவிடும். வட்ட மூக்கில் அந்த ஆபத்து இல்லை, ஆகவே தொடங்குபவருக்கு வட்டம்தான். பிரெஞ்சு மூக்கு என்பது இரண்டுக்கும் இடையில்: முதுகிலிருந்து வளைந்து இறங்கி வாயில் ஒரு முனையாக முடியும். சதுர மூக்கை வாங்கிவிட்டவர்கள் முனையைக் கல்லில் இரண்டு மூன்று முறை லேசாக உரசினால் கீறும் தன்மை அடங்கும், துல்லியமும் போகாது.

சில கத்திகளில் மூக்கின் மேற்புறம் சிறு பிறைபோல் வெட்டியிருக்கும். அதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். விரலை அதில் கொடுத்து அலகைத் திறப்பதற்கு என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது, ஏனென்றால் ஈரக் கையால் அப்படித் திறக்க உண்மையிலேயே முடிகிறது.

படி 6: குதியும் தோளும்

பழைய கத்தி வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் பாருங்கள்.

அலகு மெல்லியது, கழுத்து தடித்தது. இரண்டும் திடீரென்று சந்தித்தால் அந்த இடத்தில் முறுக்கு விழும். அதைத் தாங்கத்தான் தோளும், தோளை ஒட்டி அலகில் விட்டுவைத்த செங்குத்தான மேடும். சில கத்திகளில் ஒரு மேடு, சிலவற்றில் இரண்டு. முழுக்குடைவுக் கத்திகளில் இரட்டை மேடு அதிகம் தென்படும், ஏனென்றால் முறுக்கைத் தாங்க வேண்டிய தேவை அங்கேதான் கூடுதல். 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் தோளே தெளிவாக இருக்காது. அலகு தடிப்பாக இருந்ததால் வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் எங்கே? கத்தி புதிதாக இருக்கும்போது குதி அந்த மேட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பல ஆண்டு தீட்டினால் வாய் மேல்நோக்கித் தேய்ந்து, குதியின் மூலை மேட்டை எட்டிவிடும். அப்புறம் கல்லில் படுக்க வைத்தால் முதலில் கல்லைத் தொடுவது மேடு. அலகு கல்லிலிருந்து மயிரிழை எழுந்து நிற்கும், குதியருகே வாய் தீட்டுப்படாது. தெரியாதவர் இன்னும் அழுத்துவார். அழுத்தினால் முதுகு தேயும், வாய் குழியும், சிக்கல் இரட்டிப்பாகும்.

மார்க்கர் மையை மேட்டிலும் பூசிச் சோதித்தால் உடனே தெரிந்துவிடும். மேட்டில் மை அழிந்தால் குதியைத் திருத்த வேண்டும்: வைரத்தூள் பூசிய முரட்டுத் தகட்டில் குதியின் மூலையைச் செங்குத்தாகத் தேய்த்து, மேட்டுக்கு முன்னால் சில மில்லிமீட்டர் தள்ளி அது வளைந்து முடியும்படி செய்ய வேண்டும். இதற்குப் பிறகே வாயைத் தீட்டத் தொடங்க வேண்டும். வளைந்த குதிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சவரத்தின்போது காது மடலில் கீறுவது பெரும்பாலும் கூரான குதிமூலைதான்.

படி 7: கழுத்தும் வாலும்

கழுத்தின் அடிப்பக்கத்தில் அரத்தால் வெட்டிய குறுக்குக் கோடுகள் இருக்கலாம். சோப்பு படிந்த கட்டைவிரல் வழுக்காமல் இருக்க அவை. சிலவற்றில் மேற்புறமும் வெட்டியிருக்கும். எல்லாக் கத்திகளிலும் இருக்காது, இல்லாதது குறையும் அல்ல.

கழுத்தின் குறுக்குவெட்டைக் கவனியுங்கள். விளிம்புகள் உருண்டிருந்தால் தோல்வாரின் முனையில் இரண்டு விரலுக்குள் கத்தியை உருட்டிப் புரட்டுவது சுலபம். சதுரமாக இருந்தால் கை முழுவதும் திரும்ப வேண்டியிருக்கும்.

வால் ஆரம்பத்தில் இவ்வளவு நீளம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் கழுத்து ஆணிக்குப் பின் சிறு கட்டையாக முடிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது நீண்டு வளைந்தது. நீண்டதும் சுண்டுவிரலுக்கு இடம் கிடைத்தது, சாய்வைக் கட்டுப்படுத்தும் நெம்புகோலும் கிடைத்தது. வாலை ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் மூக்கின் பக்கம் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள்.

படி 8: பிடி

பிடியை வெறும் உறை என்று நினைப்பவர்கள் அதிகம். அது வில்.

இரண்டு தகடுகள், ஒரு முனையில் கழுத்தைக் கவ்வும் ஆணி, மறுமுனையில் தகடுகளுக்கு இடையே ஒரு இடைக்கட்டை. அந்த இடைக்கட்டை ஆப்புபோல் சரிந்திருக்கும். அதனால் தகடுகள் இணையாகப் போகாமல் நடுவில் லேசாகப் புடைத்து, ஆணியின் பக்கம் கழுத்தை இருபுறமும் அழுத்துகின்றன. அலகு பாதி திறந்த நிலையில் நிற்பதும், மூடும்போது நேராக நடுவில் விழுவதும் இந்த அழுத்தத்தால்தான். பழைய ஆங்கிலக் கத்திகளில் இடைக்கட்டையைப் பெரும்பாலும் ஈயத்தில் செய்தார்கள். எளிதில் வடிவம் கொள்ளும், கூடவே பிடியின் முனைக்கு எடை சேர்த்து அலகுக்கு எதிர்ச்சமநிலை தரும். இடைக்கட்டையைத் தட்டையாக மாற்றிப் புதுப்பித்த கத்திகளில் அலகு ஆடிக்கொண்டே இருக்கும். ஆணியை எவ்வளவு இறுக்கினாலும் குறை தீராது, ஏனென்றால் குறை மறுமுனையில் இருக்கிறது.

சோதனை எளிது. கத்தியை மெதுவாக மூடி மேலிருந்து பாருங்கள்: வாய் இரண்டு தகட்டையும் தொடாமல் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் வாய் மழுங்கும். ஆணியில் திருகு கிடையாது, தலையைச் சுத்தியலால் தட்டி விரித்த கம்பி அது. தளர்ந்திருந்தால் கீழே இரும்புக்கட்டை வைத்து, சிறிய சுத்தியலால் ஆணித்தலையின் ஓரத்தை மென்மையாகத் தட்டினால் இறுகும். ஓங்கித் தட்டினால் கொம்பு பிளந்துவிடும்.

கொம்பு, மரம், எலும்பு, ஆமையோடு, தந்தம் என்று பல பொருள்களில் பிடி செய்தார்கள். மாட்டுக்கொம்பு மெல்லியதாக இருந்தும் வில்போல் வளையும், ஆகவே இந்த வேலைக்கு அது அருமையான பொருள். காய்ந்தால் வளைந்துகொள்ளும், பூச்சியும் அரிக்கும். அவ்வப்போது எண்ணெய் காட்டுங்கள். தந்தப் பிடி உள்ளதை இணையத்தில் பார்த்து ஆசைப்பட வேண்டாம், இந்தியாவில் யானைத் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செல்லுலாய்டு என்ற ஆரம்பகால பிளாஸ்டிக் வந்தது. தந்தம்போலவும் ஆமையோடுபோலவும் அழகாக வார்த்தார்கள். ஆனால் நாள்பட்ட செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவியை விடும், அது அலகைத் துருப்பிடிக்க வைக்கும். மூடியிருந்தபோது பிடிக்குள் இருந்த பகுதியில் மட்டும் துரு அப்பியிருந்து, கழுத்தும் வாலும் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கற்பூர வாசனை அடித்தால் அது செல்லுலாய்டு. அப்படிப்பட்ட கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது.

படி 9: முத்திரையும் அலங்காரமும்

கழுத்தில் பொறித்த எழுத்துகள் காலத்தைச் சொல்லும். கிரீடத்துடன் வி ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா அரசியின் காலம், 1837 முதல் 1901 வரை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அது 1891-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இங்கிலாந்து, ஜெர்மனி என்ற பெயர் பொறித்த கத்திகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கு 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

அலகின் பக்கத்தில் பொன்பூச்சோடு வாசகங்களும் படங்களும் அமிலத்தால் பொறித்திருப்பார்கள். குடைவுக்குள் இருப்பதால் கல் அவற்றைத் தொடாது; பாலிஷ் தொட்டால் போய்விடும். முதுகின்மேல் கொடி வேலைப்பாடு வெட்டியிருந்தால், முன்பு சொன்ன டேப் ஒரு சுற்று ஒட்டித் தீட்டுங்கள்.

முதுகில் கிழமைப் பெயர் பொறித்த ஏழு கத்திகள் ஒரே பெட்டியில் வருவதுண்டு. ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் வாய் தானே தேறிவிடும் என்று பலர் நம்பினார்கள். நான் அதை நம்பவில்லை. ஒரே கத்தியின் வேலையை ஏழு கத்திகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் ஏழு மடங்கு காலம் தீட்டாமல் ஓடும், நன்மை அவ்வளவே. பெயரை முதுகில் பொறித்ததற்குக் காரணம், பெட்டியில் கண்ணுக்குத் தெரிவது முதுகு ஒன்றுதான்.

வாங்கிய பிறகு

இந்தக் கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிக்கும் கரிம எஃகு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடல் காற்றில் ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் வாயில் நுண்ணிய குழிகள் விழுந்துவிடும். சவரம் முடிந்ததும் துடைத்து, தோல்வாரில் சில முறை இழுத்து, மெல்லியதாகத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். பிடிக்குள் ஆணியைச் சுற்றி ஈரம் தங்கும் என்பதால் அரைமணி நேரம் திறந்தே வைத்து, பிறகு மடியுங்கள். குளியலறையில் வைக்க வேண்டாம்.